மேல்கோடு, கீழ்கோடு

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் போனில் ஒரு செய்தி அனுப்பினாள். "நான் நன்றாக இருக்கிறேன் அம்மா. சாப்பிட்டுவிட்டேன். கவலைப்பட வேண்டாம்." ஓர் ஒற்றெழுத்துகூட விடுபடவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் முற்றுப்புள்ளி வேறு. படித்து முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, அதிலும் உயிரெழுத்தையெல்லாம் தின்றுவிட்டு, எலும்பை மட்டும் நமக்கு அனுப்புவார்கள். நம் வயதுக்காரர்கள் பலருக்கு அதில் கோபம். எனக்கு இல்லை. எலும்பு வந்தால் நிம்மதியாகத் தூங்குகிறவள் நான். முழுசாக வந்தால்தான் கலக்கம்.

ஏழு முறை கூப்பிட்டேன். எட்டாவது முறை எடுத்தாள்.

"மீட்டிங்ல இருந்தேம்மா. புது போன், அதுவே திருத்தி அனுப்புது. நல்லாத்தானே எழுதியிருக்கு, அதுக்கு ஏன் அழுவற?"

"நல்லா எழுதியிருந்ததாலதான்."

சர்க்கரை எப்போது பார்த்தாய் என்று கேட்டாள். மகளுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாததை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடும் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். காலையில் தகரத்தின் மேல் சுத்தியல் விழ ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓயாது. கரண்ட் போய்ப் பட்டறை நின்றால் சந்தில் குழந்தைகள் அழும். அவ்வளவு பழகிய சத்தம். பெயிண்ட் வாசனைதான் எங்களுக்குப் பூவாசம். அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தப் பட்டறைகளில் ஒன்றில் லாரிக்கு எழுத்து எழுதுகிறவர். 'ஒலி எழுப்பவும்' என்று அவர் எழுதினால் பின்னால் வருகிறவன் ஒலி எழுப்பாமல் நின்று பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அத்தா லாரி டிரைவர். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று வடக்கே போவார். போனால் திரும்ப ஒரு மாதம், ஒன்றரை மாதம். கிளம்பும்போது சட்டைப்பையில் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார், பென்சில் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பென்சிலை இப்போது எந்தக் கடையிலும் காணோம். எழுதினால் சாம்பல் நிறம். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா. வீட்டுக்கு வரும்போது அத்தாவின் நாக்கு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தால், வண்டியில் கடைசியாக ஒரு கடிதம் எழுதி, போடாமலே கொண்டுவந்துவிட்டார் என்று அர்த்தம்.

பத்து நாளைக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்துவிடும். தமிழ்தான், ஆனால் அரபி எழுத்தில். அத்தா பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் இறங்கிக்கொண்டவர். கொம்பும் காலும் சுழியுமாகத் தமிழ் எழுத்து அவருக்கு எப்போதும் எதிரே வரும் வண்டி மாதிரிதான். ஆனால் குர்ஆன் ஓதுகிற பள்ளியில் ஏழெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். அதனால் நாக்கில் இருக்கும் தமிழை, கையில் இருக்கும் எழுத்தில் எழுதினார். எங்கள் ஆட்களில் முந்தைய தலைமுறையில் இது புதுசில்லை, அரபுத் தமிழ் என்று பெயரே உண்டு. இதில் ஒரு வசதி, லாரி ஆபீசிலோ தபால் ஆபீசிலோ யாரும் படித்துவிட முடியாது. விலாசத்தை மட்டும் மாற்று டிரைவர் தமிழில் எழுதுவார். தபால்காரருக்கு அந்த மட்டில் வருத்தம்தான்.

"ஏனுங்கக்கா, மச்சான் இந்த வாரமும் கோழி கெளறி உட்டிருக்காருங்க," என்று சொல்லித்தான் கொடுப்பார்.

இங்கே அந்த எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. அரபியில் எழுத்தெல்லாம் மெய்யெழுத்து. அ, இ, உ என்ற உயிர் வேண்டுமானால் எழுத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, அல்லது மேலே ஒரு கொக்கி. ஜபர், ஜேர், பேஷ். "பே ஜபர் ப, பே ஜேர் பி, பே பேஷ் பு" என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே கத்துவோம். குர்ஆனில் இந்தக் கோடுகள் ஓர் எழுத்துக்குக்கூடத் தப்பாமல் இருக்கும். ஏனென்றால் அந்த மொழி தெரியாதவரும் பிசகாமல் ஓத வேண்டும். ஆனால் மொழி தெரிந்தவர் மொழி தெரிந்தவருக்கு எழுதும்போது கோடுகளைப் போட மாட்டார். கட, கடி, குடி மூன்றும் ஒரே எலும்புக்கூடாகத்தான் நிற்கும். எது என்பது உங்கள் பாடு.

அந்த வெட்டவெளியில் துணைக்கு வருகிறவை மூன்றே எழுத்துகள்: அலிஃப், வாவ், யே. வாவ் பிறப்பால் 'வ', யே பிறப்பால் 'ய'. அலிஃப் தனக்கென்று குரலே இல்லாத ஒரு குச்சி. ஆனால் உயிர் நீள வேண்டிய இடத்தில் அலிஃப் 'ஆ'வாகவும், வாவ் 'ஊ'வாகவும், யே 'ஈ'யாகவும் இறங்கி வேலை பார்க்கும். ஓட்டுகிறவர் கண் சொருகினால் மாற்று டிரைவர் வந்து உட்காருவதுபோல. அரபி மட்டுமில்லை, எபிரேயம், அரமேயம் என்று அந்தக் குடும்பம் முழுக்க இதே ஏற்பாடுதானாம். அறிஞர்கள் இந்த எழுத்துகளுக்கு 'வாசிப்பின் தாய்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நாற்பது வயதுக்கு மேல் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து எதிரில் இருந்தவர், என்னம்மா உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்.

அத்தா கோடு போட மாட்டார். "கோடு போட்டுக்கிட்டிருந்தா லோடு எப்ப எறக்கறது?" என்பார். அதனால் அம்மாவுக்கு அவர் கடிதம் படிக்க வராது. கோடு போட்ட குர்ஆனை அம்மா மணி மணியாக ஓதுவார், அர்த்தம் தெரியாமல். கோடில்லாத எழுத்தைக் கண்டால் திகைத்து நின்றுவிடுவார். தமிழ் எழுத்தில் 'அ' என்பதைச் சந்தைப் பலகையில் அடையாளம் காட்டுவார், அவ்வளவுதான். கணக்கெடுக்க வந்த வாத்தியார் 'எழுதப் படிக்கத் தெரியாது' என்று குறித்துக்கொண்டு போனார். அம்மாவும் ஆமாங்க என்றார். மாமா ஆமாம் என்றார். ஒன்பது வயதில் இரண்டு எழுத்தும் படித்த திமிரில் நானும் ஆமாம் என்றேன்.

ஆக, கடிதம் படிக்கும் உத்தியோகம் எனக்கு. ஊரில் அப்படித்தான் பேச்சு. உண்மையில் நான் எலும்பை எடுத்துக் கொடுப்பேன், அம்மா அடுப்படியிலிருந்து சதை வைப்பார்.

"ச, ப, அலிஃப், த... என்னம்மா இது?"

"சப்பாத்தி. அதுக்கு முன்னால வேகாததுன்னு இருக்கும், பாரு."

பார்த்தால் வ, யே, க, அலிஃப் என்று இருக்கும்.

"வ, ய, ற..."

"வயிறு சரியில்ல. சப்பாத்தி தின்னா எப்படிச் சரியா இருக்கும்? மேல படி."

அத்தா என்ன சொல்வார் என்பது அம்மாவுக்குத் தெரியும். நான் உறுதிப்படுத்தும் குமாஸ்தா.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பட்டறைக்காரர்கள் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். கடிதம் நின்றுபோனது. பத்து நாள் போய், இருபது நாள் போய், ஒரு மாதமும் தாண்டியது. வடக்கே மலைப்பாதையில் நம்ம பக்கத்து வண்டி ஒன்று கவிழ்ந்துவிட்டதாக டீக்கடையில் பேச்சு. யார் வண்டி, எந்த மலை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

மாமா லாரி ஆபீசுக்குப் போய் வந்தார். "ஆக்ஸில் ஒடஞ்சு வண்டி நிக்குதாமாக்கா. ஆளு நல்லா இருக்காப்லயாம்."

"ஆளு நல்லா இருந்தா லெட்டர் எங்க?"

அம்மா அரிசியைப் புடைத்தார். ஏற்கெனவே புடைத்த அரிசி. அத்தாவின் துவைத்த லுங்கியை எடுத்து மறுபடி துவைத்தார். மெயின் ரோட்டில் ஏர் பிரேக் புஸ்ஸென்றால் கை அப்படியே நிற்கும். நான் என் பங்குக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் லாரி எண்களைக் கூட்டினேன். ஒற்றைப்படை வந்தால் அத்தா உயிரோடு இருக்கிறார். இரட்டைப்படை வந்தால் அடுத்த லாரி.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கியே வந்தார். வழக்கமாக ஒரு காலை ஊன்றிக்கொண்டே நீட்டுகிறவர்.

"அக்கா, லெட்டருங்க. ஒட்டினது பிரிஞ்சு கெடந்துச்சு, கண்ணுல பட்டுருச்சு. இந்தத் தடவ கோழி கெளறலீங்க, முத்து முத்தா இருக்குது. சாமி, நல்லாப் படிச்சுக் காட்டு அம்மாவுக்கு."

பிரித்தேன். கறுப்பு மையில், நூல் பிடித்த மாதிரி வரிகள். ஒவ்வோர் எழுத்துக்கும் மேல்கோடு, கீழ்கோடு, கொக்கி. நாங்கள் 'ட'வுக்குப் புள்ளி வைப்போம்; இதில் 'ட' ஒவ்வொன்றும் தலையில் ஒரு குட்டித் தொப்பி போட்டிருந்தது. மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு அரபியில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் எழுத்து என்று வந்துவிட்டால் அவர்தான் நீதிபதி.

"அடேயப்பா. எடவெளி பாரு, சாய்வு பாரு. மச்சான் ஒரு மாசமா ஏன் எழுதலைன்னு இப்பத் தெரியுதா? எழுதிப் பழகியிருக்காரு."

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளின் ஓரத்தைத் தொட்டார். "பென்சில் இல்லையே."

"பேனா வாங்கியிருப்பாருக்கா."

"உம்."

"அக்கா, சந்தோசப்பட வேண்டிய நேரத்துல உம்முன்னா என்ன அர்த்தம்?"

நான் படிக்க ஆரம்பித்தேன். வாழ்நாளில் முதல் முறையாக அத்தாவின் கடிதத்தைத் தடுக்காமல் படித்தேன். ஸலாம், சுகம், வண்டி ரிப்பேர், வர இன்னும் பதினைந்து நாளாகும். கோடு போட்ட எழுத்தில் ஒரு விபரீதம் உண்டு. கோடில்லாததைப் படிக்கப் புத்தி முதலில் போக வேண்டும், வாய் பின்னால் வரும். கோடு போட்டதில் வாய் முன்னால் ஓடிவிடும், புத்தி மூச்சிரைக்கப் பின்னால் வரும். அப்படித்தான் அடுத்த வரியில் "கை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். புத்தி வந்து சேர்ந்தபோது கண் எதிரே இருந்தது இது:

"கை ஒடிஞ்ச சங்கதிய எழுத வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லுப்பா. தலையில கட்டுப் போட்டதும் வேண்டாம். அவ தாங்க மாட்டா. கொஞ்சம் தண்ணி குடு."

"கை?" என்றார் அம்மா.

"கை... கையெழுத்து நல்லா இருக்கான்னு கேட்டிருக்காங்க."

"அதான் சொன்னனே," என்று மாமா தொடையில் தட்டினார். நான் ஒரு வரியைத் தாண்டி, புள்ளையை நல்லாப் படிக்கச் சொல்லு என்பதற்குப் போனேன். கடைசி வரி "போதும், இத்தோட முடிக்கச் சொல்லு" என்று இருந்தது. அதை "இத்தோடு முடிக்கிறேன்" என்று ஆக்கினேன். என் எழுத்து வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பிறகும் நான் பெரிதாக நேர்மையாகிவிடவில்லை.

நடந்தது என்ன என்று அத்தா பின்னால் சொன்னார். வலது கை பலகை வைத்துக் கட்டிக் கிடக்கிறது. மாற்று டிரைவரைத் தமிழில் எழுதச் சொன்னால் தபால் ஆபீஸே படித்துவிடும். பக்கத்துப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் அஜ்ரத் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். நல்ல மனிதர், உருதுக்காரர்; 'ட'வுக்குத் தொப்பி வந்தது அங்கிருந்துதான். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஒலியை எழுதுகிறேன் என்றிருக்கிறார். சொல் தெரியாத மனிதர் எதை விடுவது, எதை விடலாகாது என்று எப்படி முடிவு செய்வார்? வேதத்தை எழுதுவதுபோல் எல்லாவற்றுக்கும் கோடு போட்டார். அத்தா பக்கத்தில் நின்ற மாற்று டிரைவரிடம் சொன்னதற்கும் சேர்த்துப் போட்டார். மாற்று டிரைவர் தனக்குத் தெரிந்த இந்தியில், கை ஒடிந்ததை எழுத வேண்டாமாம் என்று சொல்ல, அஜ்ரத்தும் சரி என்று தலையாட்டினாராம். தாளில் எந்த ஒலி கை, எந்த ஒலி ஒடிந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"ஒரு தடவ படிச்சுப் பாக்கறதுக்கென்ன?" என்று மாமா கேட்டதற்கு அத்தா, "எழுத்து அழகா இருந்துச்சு மாப்பிள்ள. பாத்தேன். படிக்கல," என்றார்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்தது கையும் தலையும் தண்ணியும் மட்டும்தான். தலையில் கட்டு என்றால் எவ்வளவு பெரிய கட்டு? தண்ணீர் குடித்தாரா? யாரிடம் கேட்பது? பிஸ்கட் டப்பாவில் அத்தாவின் மற்ற கடிதங்களோடு அதையும் போட்டு அடியில் தள்ளிவைத்தேன். இந்த வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பது ஒரு பக்கம் நிம்மதி. அதுவே இன்னொரு பக்கம் தாங்க முடியாத பாரம். வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோனது. இன்றைக்கும் அது சரியாகத் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கடிதம். ஓதும்போது வைப்பதுபோல் ஆள்காட்டி விரல் எழுத்தின் கீழே ஊர்ந்தது, உதடு அசைந்தது. என்னைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டு, "கடலை வறுத்திருக்கேன், தின்னு," என்றார். எனக்குப் பயம் வரவில்லை. அம்மாவுக்கு ஓதத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஊர் சொன்னது, கணக்கெடுக்க வந்தவர் எழுதியது, நானும் ஆமாம் என்றது. பாவம், அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா சில விநோதங்கள் செய்தார். என் சட்டைப் பொத்தானை இடது கையால் மட்டும் போட்டுப் பார்த்தார், போட வரவில்லை. சொம்பை இடது கையால் தூக்கி அண்ணாந்து குடித்துப் பார்த்தார், கழுத்தெல்லாம் ஊற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்:

"ஏப்பா, வலது கை முடியாத ஒரு ஆளு இடது கையால சாப்பிட்டா குத்தம் உண்டா?"

"யாருக்கு முடியல?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"முடியாதவங்களுக்கு என்னக்கா குத்தம்? ரசம் ஊத்து."

அம்மா ரசம் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த கறிவேப்பிலையைப் பார்த்தேன். அதன் நரம்பெல்லாம் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தலையில் கட்டு என்பது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். மாமா மட்டும் அந்த வாரம் முழுக்க, மச்சான் வரட்டும், நம்ம பட்டறையில ஒரு தூரிகைய கையில குடுத்துடறேன் என்று சந்தோஷமாக இருந்தார்.

அப்படிப் பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் தபால்காரர் சந்து முனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, மறுபடியும் கெளறிருச்சுங்க. இந்தத் தடவ கோழிக்குக் கால் வேற சுளுக்கியிருக்கும்போல."

ஊதா பென்சில். மூன்றே வரி. ஒவ்வொன்றும் வலது ஓரத்தில் கிளம்பி இடது பக்கம் போகப் போகப் பள்ளத்தில் இறங்கியது. எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. நடுவில் எச்சில் தொட்ட இடத்தில் ஊதா மை பரவி ஒரு கட்டைவிரல் ரேகை. நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், தலைகீழாகப் பிடித்தேன். அலிஃப் எது, கைநடுக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை.

"ந... ல... அப்புறம் வாவா, என்னன்னு தெரியலம்மா. ஒண்ணுமே புரியல."

"கோடு?"

"இல்ல."

"மேல?"

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. எதுவுமே இல்லம்மா." எனக்கு அழுகை முட்டியது. உத்தியோகம் போய்விட்டது, அத்தாவும் போய்விடுவார்போல் இருந்தது.

அம்மா கடிதத்தை வாங்கினார். எழுத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரல் ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன், கண்ணீர் இரண்டு பக்கமும் இறங்க இறங்க.

"இடது கையில எழுதியிருக்காரு. கண்ணு தெரியுது. தலை நல்லா இருக்குது. பென்சிலத் தொலைக்கல."

"அம்மா, முன்னாடி வந்த லெட்டர்ல ஒரு வரி..."

"தெரியும். அதுல கோடு போட்டிருந்துச்சுல்ல."

முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். வலித்தது. பிறகு கடிதத்தை டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடினார்.

"போ, போய் விளையாடு."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னும் படிக்கலயேம்மா."

"அதான் படிச்சாச்சே," என்று சொல்லிவிட்டு அம்மா உலை வைக்கப் போனார்.